வந்திக்கு வந்த பங்கு

(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)





ஆண்டு விழா என்றால் ஆண்டில் செய்தவற்றை எடுத்துச் சொல்லி மகிழ்வது வழக்கம். இம்முறை மகிழ்ச்சியோடு வேறொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. புயலும் மண்சரிவும் எமது மாவட்டத்தை உலுக்கிய நாட்களில் இம்மன்றம் ஓடியாடி வேலை செய்தது. அதைப் பலரும் பாராட்டினார்கள். ஆனால் அந்த வேலையில் நாம் விட்ட பிழைகளும் உண்டு. பாராட்டை மலரில் அச்சிட்டுப் பிழையை மறைத்துவிட்டால் அடுத்த புயலில் அதே பிழையை மறுபடியும் செய்வோம். ஆதலால் "நிவாரணப் பணியும் நியாயமான பங்கீடும்" என்ற பொருள் பற்றிப் பேசுமாறு செயற்குழு கேட்டபோது, பிழைகளையும் சேர்த்தே பேசுவோம் என்று கூறி ஒப்புக்கொண்டோம்.

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் இறுதி வாரத்தை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். டித்வா என்று பெயரிடப்பட்ட புயல் நவம்பர் 28ஆம் திகதி இலங்கையின் கிழக்குக் கரையிலே ஏறி, மெல்ல மெல்ல வடக்கு நோக்கி நகர்ந்தது. டித்வா என்பது யெமன் நாடு கொடுத்த பெயர். சொக்கொத்திரா தீவிலுள்ள ஒரு கடற்கழியின் பெயர் என்பர். புயல் என்றவுடன் காற்றைத்தான் நாம் அஞ்சுவோம். இந்தப் புயலின் கொடுமை காற்றில் இல்லை, மழையில் இருந்தது. விரைந்து கடந்து போகாமல் நாட்டின் மேலேயே தங்கி நின்று கொட்டியது. எமது மாவட்டத்தின் கம்மடுவைப் பகுதியில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பதிவாயிற்று. ஒரு நாளில் 150 மில்லிமீற்றர் பெய்தாலே மலைச்சரிவில் இருப்போர் வெளியேற வேண்டும் என்பது நிபுணர்கள் வகுத்திருக்கும் அளவு. அதிலும் மூன்று மடங்குக்கு மேல் பெய்தால் மண் எப்படித் தாங்கும்? கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை ஆகிய மலை மாவட்டங்கள் எங்கும் மலை இளகி இறங்கிற்று. நாடு முழுவதிலும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். இன்னும் பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. 2004ஆம் ஆண்டின் சுனாமிக்குப் பின்னர் இலங்கை கண்ட மிகப் பெரிய அனர்த்தம் இதுவே.

மாண்டவர்களின் ஆன்ம சாந்திக்காக ஒரு நிமிடம் மௌனமாக எழுந்து நிற்குமாறு சபையோரை வேண்டுகின்றோம்.

அன்பர்களே, துன்பப்பட்டவருக்கு உதவுவது மாத்தளைக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காக எமது முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாகத் தம்புள்ளையைக் கடந்து வந்து சேர்ந்த இடம் மாத்தளை. காய்ச்சலிலும் பசியிலும் பாதி வழியில் வீழ்ந்தவர் தொகை பெரிது. அந்த நடையில் ஒருவருக்கொருவர் தண்ணீர் வார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

இன்னொன்றையும் இந்த மண்ணுக்கு உரியதாக நினைவு கூரலாம். 1897ஆம் ஆண்டு ஜனவரியில், மேனாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் கொழும்பில் இறங்கிக் கண்டி வழியாக இவ்வூருக்கு வந்து ஓர் இரவு தங்கினார். மறுநாள் குதிரை வண்டியில் யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டார். தம்புள்ளைக்கு அப்பால் ஓர் இறக்கத்தில் வண்டியின் முன் சக்கரம் உடைந்து போக, மாட்டு வண்டியில் பயணத்தைத் தொடர்ந்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. அதே ஆண்டு மே மாதம் முதலாம் திகதி கல்கத்தாவில் இராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கினார். அதே மே மாதத்தில் அவருடைய சகோதரத் துறவி சுவாமி அகண்டானந்தர் வங்காளத்தின் மூர்ஷிதாபாத் மாவட்டத்தில் பஞ்ச நிவாரண வேலையைத் தொடங்கிவிட்டார். சங்கம் அமைத்த மாதத்திலேயே அரிசி மூட்டையைத் தூக்கினார்கள் என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். தீர்மானம் நிறைவேற்றி, குழு அமைத்து, உபகுழு அமைத்து, பிறகு பார்ப்போம் என்று இருந்துவிடவில்லை.

நாமும் இருந்துவிடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை இரவு மின்சாரம் இல்லை. தொலைபேசிகள் செயலற்றுப் போயின. சனிக்கிழமை விடியற்காலையிலேயே மன்ற மண்டபத்தில் அடுப்பு மூட்டப்பட்டது. பெரியவர்கள் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். தாய்மார்கள் வந்து நின்று சமைத்தார்கள். இளைஞர்கள் மண்வெட்டியோடு பாதையில் இறங்கினார்கள். மண் மூடிய ஒரு வளைவிலே, கீழ்க்கிராமத்துப் பன்சலையிலிருந்து வந்த சிங்கள இளைஞர்கள் மறுபக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார்கள். நடுவில் சந்தித்தபோது யார் எந்தச் சங்கம் என்று எவரும் கேட்கவில்லை. பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து சோற்றுப் பார்சல்கள் வந்தன. வேலை செய்த எல்லோரும் அவற்றையே உண்டோம். அந்த மூன்று நாட்களைப் பற்றி எமக்கு எந்த மனக்குறையும் இல்லை.

குறை நாலாம் நாளிலேதான் ஆரம்பமாயிற்று.

நாலாம் நாள் நகரத்திலிருந்தும் வெளியூர்களிலிருந்தும் பொருட்கள் வந்து குவிந்தன. அரிசி, மா, சீனி, பருப்பு, பால்மா, நெத்தலி, சவர்க்காரம் என்று பொதி கட்டினோம். எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி எழுந்தது. பெரியவர் ஒருவர், "வீட்டுக்கு ஒரு பொதி, எல்லோருக்கும் ஒரே அளவு. கூட்டிக் குறைத்தால் சண்டை வரும்" என்றார். அனுபவத்தில் வந்த பேச்சு. நாமும் சரியென்று ஏற்றோம். லொறியிலே ஏற்றிக்கொண்டு போய், லயத்தின் முன்னால் நிறுத்தி, கதவுக்கு ஒரு பொதி வீதம் கொடுத்தோம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. எவ்வளவு ஒழுங்காகச் செய்தோம் என்று எமக்குள் பெருமைப்பட்டோம்.

லொறி திரும்பும் வேளையில் வயது முதிர்ந்த ஓர் அம்மா பொதியைக் கையில் பிடித்தபடியே எங்களிடம் வந்தார். கோபமாக வரவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்:

"தம்பி, இந்தக் காம்பராவுல மூணு அடுப்பு எரியுது. மூத்தவன் குடும்பம் ஒண்ணு, மகள் குடும்பம் ஒண்ணு, நானும் பேத்தியும் ஒண்ணு. இதை நான் எந்த அடுப்புக்குக் கொண்டுபோறது?"

அந்தக் காம்பராவில் பதினொரு பேர் இருந்தார்கள். அடுத்த கதவில் இரண்டே பேர். இருவருக்கும் ஒரு பொதி. பதினொருவருக்கும் ஒரு பொதி. சண்டை வரக் கூடாது என்று நாம் செய்த சமன் இது. சண்டை வரவில்லை, உண்மைதான். கொடுக்கிறவர்களோடு சண்டை போட எவரும் துணிவதில்லை, அதனாலேதான் வரவில்லை.

அன்பர்களே, இந்தக் கேள்வி எமது புராணத்திலேயே இருக்கிறது. பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலை அறியாதவர் இச்சபையில் இல்லை. வைகையிலே வெள்ளம் வருகிறது. கரை உடைகிறது. பாண்டியன் ஆணையிடுகிறான்: மதுரையில் உள்ள ஒவ்வொரு வீட்டாரும் கரையில் தமக்கு அளந்துவிட்ட பங்கை அடைக்க வேண்டும். இன்றைய பேச்சில் சொன்னால் அனர்த்த முகாமைத்துவம்; அதிலே நல்ல ஒழுங்கும் இருக்கிறது. எல்லோருக்கும் சமமான பங்கு. எவருக்கும் விலக்கு இல்லை. அப்படியே பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக்கும் ஒரு பங்கு வருகிறது. வந்திக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை, கூலிக்கு ஆள் வைக்கப் பணமும் இல்லை. மண்வெட்டி பிடிக்கும் நாலு ஆண்மக்கள் உள்ள வீட்டுக்கும் ஒரு பங்கு. தள்ளாத கிழவிக்கும் ஒரு பங்கு. அளந்த கணக்கர் அளவில் பிழை செய்யவில்லை. ஆனால் அளந்தபோது வீட்டைப் பார்த்தார்களேயன்றி வீட்டுக்குள்ளே யார் இருக்கிறார் என்று பார்க்கவில்லை. அந்தக் குறையை நிரப்பவன்றோ இறைவனே உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுக் கூடை தூக்க வேண்டி வந்தது? அவன் முதுகில் விழுந்த பிரம்படி எல்லா உயிர்களின் மேலும் விழுந்தது என்று புராணம் சொல்கிறது. ஓர் ஏழைக்கு இழைத்த அநியாயத்தின் அடி ஊர் முழுவதிலும் விழும் என்று அதற்குப் பொருள் கொள்கின்றோம்.

சமமான பங்கு வேறு, நியாயமான பங்கு வேறு. இதை அந்த அம்மாவிடம் படித்தோம். அன்றிரவு மண்டபத்தில் கூடினோம். வாதம் நடந்தது, பெரியவர்களும் இளைஞர்களும் சிறிது சூடாகவே பேசிக்கொண்டோம். முடிவில், வீட்டுக்கு ஒரு பொதி என்று முதலில் சொன்ன அதே பெரியவரே கொப்பியை எடுத்து, "சரி, நாளைக்கு நானும் வருகிறேன். அடுப்பையும் எண்ணுவோம், ஆளையும் எண்ணுவோம்" என்றார். தம் சொல்லைத் தாமே திருத்திக்கொண்ட அந்தப் பெருந்தன்மையே இம்மன்றத்தின் உண்மையான செல்வம் என்போம்.

எண்ணப் போனபோதுதான் பல செய்திகள் தெரிய வந்தன.

முதலாவது, பாதையருகில் இருந்தவர்களுக்கு இரண்டு மூன்று தடவை பொருள் கிடைத்திருந்தது. மேற்பிரிவில், பாலம் உடைந்து போன இடத்துக்கு அப்பால் இருந்தவர்களுக்கு ஒரு தடவையும் கிடைக்கவில்லை. லொறி போகும் இடம்வரைதான் எங்கள் இரக்கமும் போயிருந்தது. மிகவும் துன்பப்பட்டவர் பெரும்பாலும் லொறி போகாத இடத்திலே இருப்பார். ஆகவே அடுத்த தடவை பட்டியலை மேலேயிருந்து தொடங்குவது என்று விதி செய்தோம். தூரத்தில் உள்ளவருக்கு முதலில் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் பாதையருகில் உள்ளவருக்கு.

இரண்டாவது, பெயர்ப் பட்டியலில் இல்லாதவர்கள். தோட்டத்தில் வேலை செய்வோரின் பெயர் செக்ரோலில் இருக்கும். ஓய்வு பெற்றவர், கொழும்பிலே வேலை செய்யும் மகனின் குடும்பம், வெளியிலே கைகாசுக்கு வேலை செய்பவர், கணவனை இழந்த பெண் ஆகியோர் அதே லயத்தில் இருந்தாலும் அந்த இடாப்பில் இல்லை. ஓரிடத்தில் செக்ரோலை வைத்தே பொருள் கொடுத்ததாகக் கேள்விப்பட்டோம். வேலைக்குரிய இடாப்பு பசிக்குரிய இடாப்பு ஆகாது.

மூன்றாவது, பத்திரங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் மண்ணோடு போய்விட்டன. அரசாங்கம் வீட்டைத் துப்புரவு செய்வதற்கு 25,000 ரூபாவும், முற்றாக அழிந்த வீட்டுக்குப் பதிலாக வீடு கட்ட 50 இலட்சம் ரூபாவரையும் என்று உதவிகளை அறிவித்தது. பெரிய உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் விண்ணப்பத்தில் முகவரி என்ற ஒரு கட்டம் இருக்கிறது, காணி உரிமை என்ற ஒரு கட்டம் இருக்கிறது. நாலு தலைமுறையாக ஒரே காம்பராவில் வாழ்ந்தாலும் அது தன் பெயரில் இல்லாத மனிதன் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவான்? தோட்டக் குடியிருப்புகளில் பிரதேச சபைகள் தங்கு தடையின்றி வேலை செய்யலாம் என்று சட்டம் திருத்தப்பட்டதே 2018ஆம் ஆண்டில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தக் கட்டங்கள் ஏன் வெறுமையாக இருக்கின்றன என்பது விளங்கும். ஆகையால் பொதி கொடுப்பதோடு எமது வேலை முடிந்துவிடாது. எழுத வாசிக்கத் தெரிந்த இளைஞன் ஒருவன், ஒரு பிற்பகல் முழுவதும் ஒரு திண்ணையில் அமர்ந்து விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்து, மறுநாள் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்துக்கும் கூடவே போய் வந்தால், அது நூறு பொதிகளுக்குச் சமம்.

இந்தக் குறைகள் மாத்தளைக்கு மட்டும் உரியவையல்ல. 2004ஆம் ஆண்டு சுனாமியின்போது தமிழ்நாட்டின் நாகப்பட்டினத்திலே உலகமெங்குமிருந்து உதவி வந்து குவிந்தது. கடலோரத்து மீனவ ஊர்களில் பஞ்சாயத்து வலுவாக இருந்தது. அவற்றின் மூலம் உதவி விரைவாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதே இடங்களில் வயல் கூலிகளாகவும், மீன் சுமந்தும், உப்பளத்தில் வேலை செய்தும் வாழ்ந்த ஏழைகள், சிறப்பாகத் தாழ்த்தப்பட்ட மக்கள், படகு இல்லாதவர் என்பதனால் இழப்பும் இல்லாதவர் போலக் கணக்கிலிருந்து விடுபட்டார்கள் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். அங்கே ஒரு நல்ல காரியமும் நடந்தது. வந்து குவிந்த தொண்டு நிறுவனங்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடாதபடி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலேயே ஓர் ஒருங்கிணைப்பு நிலையத்தை ஏற்படுத்தினார்கள். எந்த ஊருக்கு எவர் போகிறார், எங்கே எவரும் போகவில்லை என்று தினமும் எழுதி வைத்தார்கள். அப்படி ஒரு கரும்பலகை எமது நகரிலும் இருந்திருந்தால், ஒரே லயத்துக்கு மூன்று லொறியும் இன்னொரு லயத்துக்கு ஒன்றுமில்லை என்ற நிலையும் வந்திராது.

எமது மலைநாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடிற்று. அந்த இடம் ஆபத்தானது என்று ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. போவென்று சொன்னார்கள், போவதற்கு இடம் காட்டவில்லை. உயிர் தப்பியவர்களுக்கு முதல் வாரத்தில் உணவும் உடையும் மலையாகக் குவிந்தன. ஆனால் வீடு கைக்குக் கிடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன. அதுவரை பழைய தேயிலைத் தொழிற்சாலையிலே மறைப்புக் கட்டி வாழ்ந்தார்கள். முதல் வாரத்து அன்பு இரண்டாவது மாதத்தில் எங்கே போயிற்று என்று கேட்டுக்கொள்ள வேண்டியவர் நாம்தாம்.

இனி, இவற்றிலிருந்து மன்றம் தனக்கென வகுத்துக்கொண்ட ஒழுங்குகளைச் சுருக்கமாகச் சொல்கின்றோம். பிற மன்றங்களுக்கும் பயன்படக்கூடும்.

தேவைக்கே முதலிடம். சாதி, சமயம், கட்சி, மொழி எதுவும் கணக்கில் இல்லை. "நமது பணம் நமது ஆட்களுக்கே" என்று சிலர் சொன்னார்கள். கீழ்க்கிராமத்தில் வயல் முழுவதும் மணல் மூடிக் கிடந்த சிங்களக் குடும்பத்தின் பிள்ளையும் பால்மாவுக்கு அழுதது. அழுகையில் சமயம் தெரியவில்லை. கொடுத்தோம். செஞ்சிலுவைச் சங்கமும் உலகத்துத் தொண்டு நிறுவனங்களும் 1994ஆம் ஆண்டு ஒப்புக்கொண்ட ஒழுக்க விதிகளிலும் இதுவே கூறப்படுகிறது. எமது பெரியோர் எல்லா உயிரும் ஒன்றென்று அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே சொன்னார்கள். சொன்னவர்களின் பிள்ளைகள் செய்து காட்ட வேண்டாமா?

தலையை எண்ணிக் கொடுக்க வேண்டும். உலர் உணவு ஆள் தொகைக்குத் தக்கபடி. அதற்கு மேல் தனித் தேவை உள்ளவர்களுக்குத் தனிப் பட்டியல்: கைக்குழந்தை, கர்ப்பிணி, படுக்கையில் உள்ளவர், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தினமும் மருந்து எடுப்பவர். நமது வந்தியைத் தேடிப் பிடிப்பதற்குத்தான் இந்தப் பட்டியல். பெண்களின் தேவைகளைப் பெண்கள்தாம் கேட்டெழுத வேண்டும். முதல் வாரத்தில் எங்களுடைய பொதிகளில் மாதவிடாய்த் துணி ஒன்றுகூட இருக்கவில்லை. பொதி கட்டிய இடத்தில் ஆண்களாகிய நாமே நின்றோம் என்பதுதான் காரணம். யுவதிகள் வந்து சொன்ன பிறகே நாணித் திருத்திக்கொண்டோம்.

பட்டியலை மறைக்கக் கூடாது. யாருக்கு எவ்வளவு என்பதை லயத்துச் சுவரிலும் மண்டபத்து வாசலிலும் ஒட்ட வேண்டும். "என் பெயர் விடுபட்டது" என்று சொல்ல ஒரு நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். பங்கிடும் இடத்தில் அந்த ஊரார் மூவராவது, அவர்களில் ஒரு பெண்ணாவது நிற்க வேண்டும். கொடுக்கிறவன் உறவினன் பெயர் பட்டியலில் இருந்தால் அவன் ஒதுங்கி நிற்க வேண்டும், இன்னொருவர் கொடுக்கட்டும்.

கணக்கு. வந்த காசுக்கெல்லாம் பற்றுச்சீட்டு. போன பொருளுக்கெல்லாம் கையொப்பம். மாதம் ஒரு முறை கணக்கை அறிவித்தற் பலகையில் இட வேண்டும். கோயிற் காசைத் தொட்டால் கை கருகும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். நிவாரணக் காசும் கோயிற் காசேதான்.

மானம் காத்தல். இந்த இடத்தில் எமது இன்னொரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் நாள் பொதி கொடுக்கும்போது ஒவ்வொருவராக நிறுத்திப் படம் எடுத்தோம். உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை பொதியால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அப்போதும் எமக்கு விளங்கவில்லை. படத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அந்தப் படங்களை அழித்துவிட்டோம். அரிசி வாங்கிய கையைப் படம் பிடிக்க எமக்கு உரிமை இல்லை. மூட்டைகளைப் படம் எடுங்கள், திருத்திய பாதையைப் படம் எடுங்கள். மனிதனின் இல்லாமையைப் படம் எடுக்காதீர்கள்.

கேட்டுக் கொடுத்தல். வெளியூர் அன்பர்கள் அனுப்பிய துணிகளில் நல்லவையும் இருந்தன. கிழிந்தவையும், மேளக் கச்சேரிக்குப் போடும் பளபளப்பு உடைகளும் இருந்தன. சுனாமியின்போதும் இதே கதைதான். துணி தெருவோரத்தில் குவிந்து மழையில் ஊறியது. ஒருவருக்கு உதவாததைக் கொடுப்பது ஈகையன்று, வீட்டைத் துப்புரவு செய்வது. எது வேண்டுமென்று கேட்டுச் சொல்ல மன்றம் இருக்கிறது. அந்த நாட்களில் உயர்தரப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டிருந்தது; பிள்ளைகள் கேட்டது துணியன்று, மண்ணிலே போன பாடக்குறிப்புகளைத்தான். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் உள்ள மாணவரிடம் குறிப்புகளின் பிரதி பெற்றுக் கொடுத்தபோது அப்பிள்ளைகளின் முகத்தில் கண்ட ஒளி எந்தப் பொதிக்கும் கிடைக்கவில்லை.

தண்ணீரையும் சுகாதாரத்தையும் மறக்கலாகாது. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்று அனுபவசாலிகள் அளவு வகுத்திருக்கிறார்கள். தங்கல் முகாம் நடத்தும்போது அரிசி மூட்டையை எண்ணுவதற்கு முன் தண்ணீர்த் தொட்டியையும் மலசலகூடத்தையும் எண்ணுங்கள். வெள்ளத்தில் தப்பியவரை வயிற்றுப்போக்கில் இழக்கக் கூடாது.

இவையெல்லாம் புயல் வந்த பின் செய்வன. வரும் முன் செய்வதும் உண்டு. கடந்த புயலின்போது எச்சரிக்கைகள் தமிழில் தாமதமாக வந்தன, சில வேளை வரவே இல்லை என்ற குறை நாடெங்கும் பேசப்பட்டது. அதற்காக உரியவர்களிடம் உரிமையோடு கேட்போம். அதே வேளை கையைக் கட்டிக்கொண்டும் இருக்க வேண்டாம். சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்த இளைஞர்கள் எம்மிடம் இருக்கிறார்கள். எச்சரிக்கை வந்த கால் மணி நேரத்தில் தமிழாக்கி, ஒவ்வொரு லயத்திலும் ஒருவருக்குத் தொலைபேசியில் சொல்லலாம். தொலைபேசி செயலற்றுப் போனால் கோயில் மணி இருக்கிறது. இன்ன முறையில் அடித்தால் வெளியேறு என்று இப்போதே ஊரோடு பேசி வைத்துக்கொள்ளலாம்.

மழையை அளப்பதும் பெரிய வித்தையன்று. நேரான பக்கங்களை உடைய ஒரு போத்தலும் அளவுகோலும் போதும். ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு. 100 ஆனால் ஆயத்தம். 150 ஆனால் வெளியேற்றம். நிலத்திலே புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரமும் தூணும், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, அல்லது திடீரென்று வற்றிப்போன ஊற்று ஆகியன மலை பேசும் மொழி. கேட்கத் தெரிந்தவன் பிழைப்பான். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைப் பிள்ளைகளுக்கு வாய்பாடு போலப் பாடமாக்குங்கள். இரத்தோட்டை, உக்குவளை, கம்மடுவைப் பக்கத்து மலைச்சரிவுகளில் எந்த லயம் ஆபத்தானது, மாரி தொடங்கும் முன் எந்தப் பாடசாலைக்குப் போவது என்று ஒரு கடதாசியில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்?

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். இளைஞர்கள் ஓடுவார்கள், சுமப்பார்கள். ஆனால் ஊரார் நம்புவது உங்கள் சொல்லை. பட்டியலைத் திறந்து வைக்கும் துணிவையும், வேண்டியவருக்குச் சற்று அதிகம் என்று கேட்டு வருபவரிடம் இல்லையென்று சொல்லும் துணிவையும் நீங்களே தர வேண்டும்.

இளைஞர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். முதல் வாரத்தில் நாற்பது பேர் வந்தோம். மூன்றாம் மாதத்தில் விண்ணப்பப் படிவங்களோடு நடந்தவர் ஏழு பேர். குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. வேலை, படிப்பு, குடும்பம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் மண் மூடிய வீட்டுக்காரனுக்குத் துன்பம் ஏழாம் நாளோடு தீரவில்லை. அடுத்த மாரி மழையின் முதல் துளி தகரத்தில் விழும்போது அவன் பிள்ளை உறக்கத்திலிருந்து அலறி எழுகிறது. நிலையான நிலத்தில், தன் பெயரில், ஒரு வீடு கிடைக்கும்வரை அவன் இன்னும் புயலுக்குள்தான் இருக்கிறான். அதுவரை மாதம் ஒரு ஞாயிறு அவனுக்காக ஒதுக்குவீர்களா?

அந்த அம்மாவை அண்மையில் சந்தித்தோம். மூன்று அடுப்பும் இப்போது ஒரு தற்காலிகக் கொட்டிலில் எரிகின்றன. மூன்று விண்ணப்பங்களும் செயலகத்தில் இருக்கின்றன. எங்களைக் கண்டவுடன், "என்ன தம்பி, இன்னும் எங்களை எண்ணிக்கிட்டா இருக்கீங்க?" என்று சிரித்தார். பிறகு, "எண்ணுங்க, எண்ணுங்க. எண்ணினாத்தான் நாங்க இருக்கிறது தெரியும்" என்றார்.

இதைவிட நன்றாக இந்தச் சொற்பொழிவை முடிக்க எமக்குத் தெரியவில்லை. வந்தியின் பங்கை அடைக்க அன்று இறைவனே வந்தான். இன்று அவன் வரும்வரை காத்திராமல், கூடையை நாமே தூக்குவோம்.